பூங்கோதை சொல்லாத பாஸ்வேர்டு

“உடைய மாட்டேங்குதுங்க அம்மணி,” என்றார் சிங்காரவேலு.

“எது?”

“அந்த டெஸ்பாட்ச் புள்ள பூங்கோதையோட பாஸ்வேர்டு. ஒரு வாரமா மெஷின் ஓடுது. நிறுத்தவே இல்லை. அசையல.”

“நல்ல பாஸ்வேர்டு,” என்றாள் மாதங்கி.

“நல்ல பாஸ்வேர்டா இருக்கறதுதானுங்க பிரச்சினையே. அது உடையலீன்னா அந்தப் புள்ளைக்கு வேலை போயிரும். போலீசுலயும் புடிச்சுக் குடுத்துருவாங்க.”

மாதங்கி எழுந்து போய் ஜன்னலைச் சாத்தினாள். கீழே மாவு மில் ஓட ஆரம்பித்திருந்தது.

“உட்காருங்கண்ணா,” என்றாள்.

சிங்காரவேலுவுக்கு ஐம்பத்திரண்டு வயது. மாதங்கி அவருடைய மூத்த மகளைவிடக் கொஞ்சம் பெரியவள், அவ்வளவுதான். இருந்தாலும் அவள்தான் குரு, அவர்தான் சீடர். அவள் அவரை அண்ணா என்பாள். அவர் அவளை அம்மணி என்பார். இரண்டு பேருக்கும் அது சரிப்பட்டு வந்தது.

பாதி ஆயுளை அவர் டெலிபோன் போர்டு முன்னால் கழித்தவர். போர்டு போய்க் கம்ப்யூட்டர் வந்தபோது, கோயமுத்தூரை ஒட்டி இருக்கும் செம்மலை பம்ப்ஸ் கம்பெனி அவரைக் கூப்பிட்டு, நெட்வொர்க்கைப் பார்த்துக்கொள்ளச் சொன்னது. ஒயர் தெரிந்தவருக்கு எல்லாம் தெரியும் என்று நினைத்துவிட்டார்கள். அவருக்கு ஒயர் மட்டும்தான் தெரியும். அந்தப் பயத்தில்தான் பீளமேட்டு மாவு மில்லின் மாடியில் மாதங்கி நடத்தும் கம்ப்யூட்டர் பாதுகாப்பு வகுப்புக்குப் படி ஏறி வந்தார்.

முதல் நாள் அவர் கேட்ட கேள்வி இது.

“பாஸ்வேர்டை எல்லாம் கம்ப்யூட்டர் எங்கீங்க அம்மணி வெச்சிருக்கும்?”

மாதங்கி அவரைக் கீழே அழைத்துப் போனாள். மில்லில் கோதுமை அரைத்துக்கொண்டிருந்தார்கள். ஒரு கை மாவை அள்ளி அவர் உள்ளங்கையில் வைத்தாள்.

“இதிலிருந்து கோதுமையைத் திருப்பி எடுங்க.”

“எப்படீங்க முடியும்?”

“கம்ப்யூட்டரும் பாஸ்வேர்டை வெச்சுக்கறதில்லை. அரைச்சு, மாவை மட்டும்தான் வெச்சுக்கும். ஹாஷ்னு பேரு. சரி, இது எந்த ஊர்க் கோதுமைன்னு எப்படிக் கண்டுபிடிப்பீங்க?”

வீட்டுக்குப் போனார். அடுத்த சனிக்கிழமைதான் பதிலோடு வந்தார்.

“சந்தேகப்படற கோதுமையை நானே கொண்டுவந்து இதே மில்லுல அரைப்பேனுங்க. ரெண்டு மாவும் ஒண்ணா இருந்தா, அதுதான் கோதுமை.”

“இனிமேல் நீங்க வகுப்புக்கு வரலாம்,” என்றாள் மாதங்கி.

அப்படித்தான் அவர் பாஸ்வேர்டு உடைக்கக் கற்றுக்கொண்டார். கம்பெனியின் அனுமதிக் கடிதத்தை வாங்கி வைத்துக்கொண்டு, ஊரில் உள்ள பெயரை எல்லாம் மெஷினுக்குள் கொட்டினார். சாமி பெயர், பிள்ளை பெயர், சினிமா நடிகர் பெயர், வண்டி நம்பர். மெஷின் ஒவ்வொன்றாக அரைத்து, கம்பெனியில் இருக்கும் மாவோடு ஒட்டிப் பார்த்தது.

முதல் ஒரு மணி நேரத்திலேயே பாதிக் கம்பெனி உடைந்துவிட்டது.

அவர் சிரித்துக்கொண்டே படிக்க ஆரம்பித்தார். மருதமலை முருகனும் ஒன்று இரண்டு மூன்றும். மகள் பெயரும் பிறந்த வருஷமும். பிறகு ஓர் ஆண் பெயரும் ஒரு தேதியும் வந்தது. அந்தத் தேதி அவருக்குத் தெரியும். ஸ்டோர்ஸ் கிளார்க் ஒருவரின் மகன் வாய்க்காலில் மூழ்கிப் போன தேதி.

சிரிப்பு நின்றுவிட்டது.

மாதங்கி அவர் தோளில் கிடந்த துண்டை எடுத்து, திரையில் ஆள் பெயர்கள் இருந்த பக்கத்தை மூடினாள்.

“யாருடையதுன்னு பார்க்காதீங்கண்ணா. உடைஞ்சுதா, உடையலையா, அது மட்டும் போதும்.”

அன்றிலிருந்து அந்தத் துண்டு அவர் பையிலேயே இருந்தது.

உடைப்பது தெரிந்துவிட்டது. தடுப்பது எப்படி? அதையும் மாதங்கியிடம் கேட்டார். அவள் ஒரு வழி சொன்னாள். அதை வைத்துக்கொண்டு அவர் கம்பெனியில் பகுதி பகுதியாக வகுப்பு எடுத்தார். பேச்சு வராத மனிதர், தாளைப் பார்த்துத்தான் பேசினார். ஆனால் ஆட்கள் கேட்டார்கள். வகுப்பு முடிந்த பிறகு எல்லாரும் பாஸ்வேர்டு மாற்றினார்கள். மெஷினை மறுபடி ஓட்டினார். ஒரு நாள் முழுக்க ஓடியும் உடைந்தவற்றை ஒரு கை விரல்களில் எண்ணிவிடலாம் போல இருந்தது.

அவர் வாழ்க்கையில் அவ்வளவு பெருமையாக எதையும் பார்த்ததில்லை. வகுப்பில் சொன்னதை ஒரு தாளில் பெரிய எழுத்தில் அச்சடித்து, லேமினேட் செய்து, கேன்டீனில் ஒன்று, ஒவ்வொரு ஷெட்டிலும் ஒன்று, கேட்டில் ஒன்று என்று தன் கையாலேயே ஒட்டினார்.

அதற்குப் பிறகுதான் இது நடந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை. கம்பெனி மூடியிருந்தது. யாரோ வெளியிலிருந்து பூங்கோதையின் பெயரில் டெஸ்பாட்ச் கணக்குக்குள் நுழைந்து, கிளம்ப இருந்த லாரிகளின் டெலிவரி விலாசத்தை மாற்றிவிட்டார்கள். லாரிகள் ஓசூர்ப் பக்கம் ஒரு குடோனில் பம்ப்புகளை இறக்கிவிட்டு வந்தன. விஷயம் தெரிந்து ஆட்கள் போனபோது குடோனில் ஒரு வைக்கோல் துரும்புகூட இல்லை.

ஜி.எம். சென்னியப்பன் சிங்காரவேலுவை அழைத்து ஒன்றுதான் கேட்டார்.

“அந்தப் பொண்ணு பாஸ்வேர்டை வெளியாள் ஒருத்தன் ஊகிச்சிருக்க முடியுமா, முடியாதா?”

“பார்த்துச் சொல்றேனுங்க.”

“முடியும்னா தப்பு நம்ம கம்பெனி மேல. முடியாதுன்னா, அவளேதான் யாருக்கோ சொல்லியிருக்கா. எழுத்துல குடுங்க. யாருக்குச் சொன்னாங்கற பேரை நான் அவ வாயிலிருந்தே வாங்கிக்கறேன்.”

பூங்கோதையை அன்றே சஸ்பெண்ட் செய்துவிட்டார்கள்.

சிங்காரவேலு அவளை கேட்டுக்கு வெளியே பிடித்துக் கேட்டுப் பார்த்தார்.

“ஏம்மா, அந்த பாஸ்வேர்டு என்னன்னு என்கிட்ட மட்டும் சொல்லிரு. இனி அதுக்கு உபயோகம் இல்லை. அந்தக் கணக்கைப் பூட்டிட்டோம். மோசமான பாஸ்வேர்டா இருந்தா உனக்குத்தான் நல்லது.”

“மோசமானது இல்லீங்க சார்,” என்றாள் பூங்கோதை. “நீங்க சொல்லிக் குடுத்த மாதிரியேதான் வெச்சேன்.”

“சரி, என்னன்னு சொல்லு.”

“யாருக்கும் சொல்லக் கூடாதுன்னீங்க. நீங்களே வந்து கேட்டாலும் சொல்லக் கூடாதுன்னீங்க.”

“அது அப்போ.”

“இப்போ சொன்னா, ‘பாரு, கேட்டதும் சொல்லிட்டா, அன்னைக்கும் இப்படித்தான் சொல்லியிருப்பா’ன்னு சொல்வாங்க சார். என் வீட்டுக்காரருக்கே சொன்னதில்லை. சோத்துல அடிச்சு வேணா சத்தியம் பண்றேன். சொல்ல மாட்டேன்.”

அவர் திரும்பி வந்து மெஷினை ஓட்டினார். அதுதான் ஒரு வாரமாக ஓடிக்கொண்டிருந்தது.

“நாளைக்குக் காலைல ரிப்போர்ட்ல கையெழுத்துப் போட்டுக் குடுத்தாகணும்,” என்றார் மாதங்கியிடம். “ஊகிக்கவே முடியாத பாஸ்வேர்டுன்னு எழுதணும். அதுதானுங்களே உண்மை. அந்த உண்மையை எழுதினா அந்தப் புள்ள திருடியாயிருவா.”

மாதங்கி மேசை டிராயரைத் திறந்தாள். உள்ளேயிருந்து ஒரு பித்தளைப் பூட்டையும் சாவியையும் எடுத்து அவர் முன்னால் வைத்தாள்.

“இது நல்ல பூட்டான்னு பாருங்கண்ணா.”

பூட்டிப் பார்த்தார். இழுத்துப் பார்த்தார். மேசையில் ஒரு தட்டுத் தட்டிப் பார்த்தார்.

“நல்ல கனமுங்க. உடைக்கறது கஷ்டம்.”

“சாவியைக் குடுங்க.”

அவள் அந்தச் சாவியை வாங்கிக்கொண்டு போய், சுவரோரம் இருந்த பீரோவில் தொங்கிய வேறொரு பூட்டில் போட்டுத் திருப்பினாள். அது திறந்துகொண்டது.

பிறகு மாடிப்படிக் கதவின் பூட்டில் போட்டாள். அதுவும் திறந்துகொண்டது.

“டவுன்ஹால் கடையில ஒரே பெட்டியில இருந்து வாங்கினேன்,” என்றாள்.

சிங்காரவேலு மூன்று பூட்டையும் மாற்றி மாற்றிப் பார்த்தார்.

“நீங்க அந்த மாவை உடைக்கத்தான் பார்த்தீங்க,” என்றாள் மாதங்கி. “அடுக்கிப் பார்த்தீங்களா?”

அவர் பையைத் தூக்கிக்கொண்டு படி இறங்கினார். வருகிறேன் என்று சொல்லக்கூட மறந்துவிட்டார்.

கம்பெனிக்கு வந்ததும் மெஷினை நிறுத்தினார். துண்டை எடுத்துத் திரையில் ஆள் பெயர்களை மூடினார். மாவை எல்லாம் வரிசைப்படி அடுக்கச் சொன்னார். ஒரே மாதிரி இருப்பவை ஒன்றன்கீழ் ஒன்றாக வந்து நிற்கும்.

வந்து நின்றன.

முதலில் அவருக்கு ஏதோ கோளாறு என்றுதான் பட்டது. திரையைக் கீழே தள்ளினார். அதே மாவு. இன்னும் தள்ளினார். அதே மாவு. ஒரு எழுத்துப் பிசகவில்லை. விரலை வைத்து ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டே வந்தார். நடுவில் எண்ணிக்கை தப்பி, மறுபடி முதலிலிருந்து எண்ணினார்.

நூற்றுப் பதினேழு.

உடையாத பூட்டு ஒன்று. அது நூற்றுப் பதினேழு கதவில் தொங்கிக்கொண்டிருந்தது.

போனை எடுத்தார்.

“அம்மணி, இது பூங்கோதை ஒருத்தியோட விவகாரம் இல்லீங்க. நூத்திப் பதினேழு பேர். எல்லாருக்கும் ஒரே பாஸ்வேர்டு. பெரிய கூட்டமே இருக்குதுங்க உள்ள.”

“ம்.”

“ஜி.எம். காதுக்குப் போனா அத்தனை பேர் சீட்டும் கிழிஞ்சிரும்.”

“அவங்க எல்லாம் எந்தப் பக்கம்? ஆள் பேர் வேண்டாம். பகுதி மட்டும் சொல்லுங்க.”

அவர் துண்டைக் கொஞ்சம் நகர்த்தி, பகுதி மட்டும் தெரியும்படி வைத்துக்கொண்டார்.

“மெஷின் ஷாப். அசெம்ப்ளி. ஸ்டோர்ஸ். டெஸ்பாட்ச். மறுபடி மெஷின் ஷாப்.”

“அக்கவுன்ட்ஸ்?”

“இல்லீங்க.”

“டிசைன்? ஆபீஸ் மாடி?”

கீழே வரைக்கும் பார்த்தார். “மாடியில ஒருத்தர்கூட இல்லீங்க.”

“நீங்க காலையில எத்தனை மணிக்கு வருவீங்கண்ணா?”

“நான் ஆபீஸ் ஸ்டாஃபுங்க. ஒன்பதரை.”

“என்னைக்காவது ஏழு மணிக்கு வந்திருக்கீங்களா?”

“எதுக்குங்க அவ்வளவு காலைல?”

“வகுப்புல என்ன சொன்னீங்க? அப்படியே சொல்லுங்க.”

இதை அவர் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார். “உங்களால் மறக்கவே முடியாத ஒரு வாக்கியத்தை எடுத்துக்கோங்க. ஒவ்வொரு சொல்லோட முதல் சத்தத்தை இங்கிலீஷ்ல பெரிய எழுத்தா எழுதுங்க. எண் வந்தா எண்ணாவே போடுங்க. கடைசியில ஒரு ஆச்சரியக்குறி. நீங்க சொல்லிக் குடுத்ததுதானுங்க அம்மணி.”

“நான் என்ன வாக்கியம்னு சொன்னேன்?”

“மறக்க முடியாத...” என்று ஆரம்பித்தவர் நிறுத்தினார். அவள் சொன்னது கொஞ்சம் வேறு மாதிரி இருந்தது போலவும் இருந்தது, இதேதான் என்பது போலவும் இருந்தது. மறக்கக் கூடாது என்பது ஆட்களுக்கு முக்கியம் என்று அவர்தான் மாற்றினாரோ?

“நாளைக்கு ஏழு மணிக்கு முன்னாடி உங்க கம்பெனி கேட்டுக்கு எதிர்த்தாப்புல டீக்கடைக்கு வாங்க,” என்றாள் மாதங்கி. “லேப்டாப் கொண்டு வாங்க. டீ நான் வாங்கித் தரேன்.”

“ரிப்போர்ட்டுங்க?”

“டீ குடிச்சிட்டு எழுதலாம்.”

காலையில் அவர் போனபோது மாதங்கி டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். கேட்டு வாசலில் கம்பெனி பஸ்கள் வந்து நின்று ஆட்களை இறக்கிக்கொண்டிருந்தன. நீலச் சட்டைகள் வரிசையாக உள்ளே போயின. இத்தனை பேர் இந்த கேட்டுக்குள் போவதை அவர் இன்றுதான் பார்க்கிறார். அவர் வரும் நேரத்தில் வாட்ச்மேனும் ஒரு நாயும்தான் இருப்பார்கள்.

“உங்களுக்கு இந்த இடம் எப்படீங்க தெரியும்?”

“எந்தக் கம்பெனிக்கு வேலைக்குப் போனாலும் முதல் நாள் கேட்டுக்கு வெளியில நின்னு ஒரு டீ குடிப்பேன். உங்களுக்கு வகுப்பு எடுக்கச் சம்மதிச்சப்போ இங்கேயும் வந்தேன்.”

“வந்து?”

“டீ நல்லா இருந்துச்சு.”

டீ மாஸ்டர் அதைக் கேட்டுத் தலையை ஆட்டிக்கொண்டார்.

அப்போதுதான் சிங்காரவேலு பூங்கோதையைப் பார்த்தார். கேட்டுக்கு இந்தப் புறம், காம்பவுண்டுச் சுவரை ஒட்டி, டிபன் பையோடு நின்றுகொண்டிருந்தாள். நீலச் சட்டை போட்டிருந்தாள். அவளோடு வேலை செய்கிறவர்கள் அவளைப் பார்க்காத மாதிரி கடந்து போனார்கள். ஒரு பெண் மட்டும் போகிறபோக்கில் அவள் கையைத் தொட்டுவிட்டுப் போனாள்.

“சஸ்பெண்ட் ஆன புள்ள எதுக்கு வந்து நிக்குது?”

“தெனமும் வருதுங்க,” என்றார் டீ மாஸ்டர். “கூப்பிடுவாங்க, கூப்பிடுவாங்கன்னு நிக்கும். ஷெட்டுல வேலை ஆரம்பிச்சதும் பஸ் ஏறிப் போயிரும். டீ குடுத்தாலும் வாங்காது. சங்கு ஊதப் போகுதுங்க, டம்ளரைக் கெட்டியாப் புடிச்சுக்கங்க.”

“எதுக்கு?”

“புதுசா வர்றவங்க எல்லாம் கொட்டிருவாங்க.”

சங்கு ஊதியது.

ஊதி ஓய்ந்ததும் தெருவே ஒரு மூச்சு அடங்கிய மாதிரி ஆனது. ஷெட்டின் மேல் இருந்த ஒலிபெருக்கியில் யாரோ ஒருவர் தொண்டையைக் கனைத்தார். மெஷின் ஷாப்பின் அத்தனை குரலும் ஒன்றாக எழுந்தது.

“என் இரு கைகளும், பத்து விரல்களும், என் குடும்பத்துக்குச் சொந்தம். வந்தபடியே முழுதாக வீடு திரும்புவேன்!”

சத்தம் சிங்காரவேலுவின் நெஞ்சுக்கூட்டில் வந்து இடித்தது. டீயில் வளையம் வளையமாக அலை ஓடியது. தகரக் கூரை அதிர்வது கேட்டது. முன்கையில் ரோமம் எழுந்து நின்றது. இத்தனை மனிதர்கள் ஒரே வாயால் பேசி அவர் கேட்டதில்லை. கோயிலில்கூட ஆளுக்கு ஒன்றாகத்தான் வேண்டிக்கொள்வார்கள்.

“ரெண்டு வருஷம் முன்னாடி பிரஸ் மெஷின்ல ஒருத்தருக்கு நாலு விரல் போச்சுங்க,” என்றார் டீ மாஸ்டர். “அன்னைக்கிருந்து தெனமும் இப்படித்தான். ஒவ்வொரு ஷெட்டா சொல்வாங்க. ரெண்டு கையையும் விரிச்சு மேல தூக்கிட்டுச் சொல்லணும்.”

கேட்டுக்குள் நீலச் சட்டைகளுக்கு மேலே கைகள் தெரிந்தன. எல்லாம் விரிந்த கைகள். அவர் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிரஸ்ஸில் வேலை பார்த்த அந்த ஆளும் அங்கே நின்றிருக்கக்கூடும் என்று தோன்றியது. அந்த ஆள் கையைத் தூக்கினால் எப்படி இருக்கும் என்றும் தோன்றியது.

இரண்டாவது ஷெட், அசெம்ப்ளி, ஆரம்பித்தது.

“என் இரு கைகளும்...”

மாதங்கி அவர் முழங்கையை லேசாகத் தொட்டாள். கேட்டை அவள் காட்டவில்லை. சுவரைக் காட்டினாள்.

பூங்கோதை டிபன் பையைக் கீழே வைத்திருந்தாள். வெளியே, தனியாக, யாரும் இல்லாத சுவரோரத்தில் இரண்டு கையையும் விரித்து மேலே தூக்கியிருந்தாள். கண் மூடியிருந்தது. உதடு அசைந்தது. குரலும் வந்தது. தெருவுக்கே கேட்கும்படி சொன்னாள்.

“...பத்து விரல்களும், என் குடும்பத்துக்குச் சொந்தம்.”

சிங்காரவேலு திரும்பிப் பார்த்தார். டீ மாஸ்டரின் வாயும் அசைந்தது. ஒரு கையில் பால் பாத்திரம், இன்னொரு கை தானாக விரிந்திருந்தது. ஸ்டாண்டில் நின்ற ஆட்டோக்காரர் பீடியை வாயிலிருந்து எடுத்துவிட்டு முணுமுணுத்தார். பஸ்ஸுக்கு நின்ற இரண்டு பள்ளிக்கூடப் பெண்கள் ஒருத்தியைப் பார்த்து ஒருத்தி பத்து விரலையும் விரித்துக் காட்டி, சிரித்துக்கொண்டே கூடச் சொன்னார்கள்.

“வந்தபடியே முழுதாக வீடு திரும்புவேன்!”

பூங்கோதைக்குப் பக்கத்தில், கேட்டின் தூணில், அவர் தன் கையால் ஒட்டிய தாள் வெயில் பட்டுப் பளபளத்தது. உங்களால் மறக்கவே முடியாத ஒரு வாக்கியம்.

அவர் விரலை மடக்க ஆரம்பித்தார்.

என். இங்கிலீஷ் ஈ.

இரு. இரண்டு.

கைகளும். கே.

பத்து. ஒன்று, பூஜ்யம்.

அதற்கு மேல் விரல் ஓடவில்லை. டம்ளரை பெஞ்சில் வைத்துவிட்டு லேப்டாப்பைத் திறந்தார். ஒவ்வொரு எழுத்தாக அடித்தார். கடைசியில் ஒரு ஆச்சரியக்குறி. ஒரே ஒரு முறை அரைத்தார்.

மெஷின் ஒரு வாரமாகத் தேடியது கண் இமைக்கும் நேரத்தில் வந்துவிட்டது. அதே மாவு. ஒரு எழுத்துப் பிசகவில்லை.

நூற்றுப் பதினேழு பேர். ஒருவர்கூட இன்னொருவருக்குச் சொல்லவில்லை. கட்டியவனுக்கும் கட்டியவளுக்கும் சொல்லவில்லை. ஒவ்வொருவரும் இது தனக்கு மட்டும் தெரிந்தது என்று நெஞ்சுக்குள் வைத்துக் காப்பாற்றியிருக்கிறார்கள். வேலை போனாலும் சொல்ல மாட்டேன் என்று ஒருத்தி நிற்கிறாள். ஆனால் அந்த வாக்கியத்தை இந்தத் தெருவில் போகிற யாரும் கேட்கலாம், அதை பாஸ்வேர்டாக மாற்றும் வழியைத் தூணிலேயே படிக்கலாம்.

“அம்மணி,” என்றார்.

“டீ ஆறிப் போகுதுண்ணா.”

“உங்களுக்கு முன்னாடியே தெரியுமுங்களா?”

“சந்தேகம்தான். சந்தேகப்படற கோதுமையை அரைச்சுப் பார்க்கணும்னு சொன்னது நீங்கதானே.”

அவர் டம்ளரை எடுத்தார். குடிக்கவில்லை. தூணில் இருந்த தாளையே பார்த்தார்.

“‘உங்களுக்கு மட்டும் தெரிஞ்ச’ வாக்கியம்னீங்க. நான் ‘மறக்க முடியாத’ன்னு ஒரு வார்த்தைதானுங்க மாத்தினேன்.”

மாதங்கி தன் டீயின் கடைசி வாயைக் குடித்துவிட்டு டம்ளரைக் கவிழ்த்து வைத்தாள்.

“ரிப்போர்ட்ல என்ன எழுதப் போறீங்க?” என்றாள்.

அவர் பதில் சொல்வதற்குள் போன் அடித்தது. ஜி.எம். சென்னியப்பன். வாக்கிங் போய்க்கொண்டே பேசுகிறார் போல, மூச்சு வாங்கியது.

“என்ன சிங்காரவேலு, முடிஞ்சுதா? ஊகிக்க முடியுமா, முடியாதா?”

“சார்...”

“முடியாதுதானே? எனக்குத் தெரியும். நான் பத்து மணிக்கு வர்றதுக்குள்ள என் டேபிள்ல இருக்கணும். அப்புறம், யாருக்கு அந்தப் பொண்ணு வெளிய சொன்னா? அது ஏதாச்சும் தெரிஞ்சுதா? பேர் வேணும் எனக்கு.”

சிங்காரவேலு எழுந்து நின்றார். சுவரோரம் பூங்கோதை டிபன் பையை எடுக்கக் குனிந்தவள், பாதியில் நிமிர்ந்தாள். கடைசி ஷெட் பாக்கி இருந்தது. அவளுடைய டெஸ்பாட்ச் ஷெட். ஒலிபெருக்கியில் மறுபடி ஒருவர் கனைத்தார். அவள் இரண்டு கையையும் தூக்கினாள்.

“ஹலோ? லைன்ல இருக்கீங்களா? பேர் சொல்லுங்க.”

சிங்காரவேலு போனைக் காதிலிருந்து எடுத்து, கேட்டை நோக்கி நீட்டினார்.

“என் இரு கைகளும், பத்து விரல்களும்...”

“என்னய்யா அது சத்தம்?” என்றது போன். “யாரு அது?”

அவர் போனை இன்னும் கொஞ்சம் உயர்த்திப் பிடித்தார்.